மை உள்ளே போகும், அக்ரிலிக் மேலே உட்காரும்

காகிதத்தில் மை விட்டால் அது உள்ளே போகும். அக்ரிலிக் பூசினால் அது மேலே உட்காரும். இந்த ஒரு விஷயத்தை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று வருடமும் ஏகப்பட்ட நல்ல காகிதமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இன்றைக்கு மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களுக்கு மேலட்டைக் காகிதம் செய்கிறேன். அதில் மிஞ்சுகிற துண்டுகளைக் கிழித்து ஒட்டி, மேலே மையாலும் அக்ரிலிக்காலும் வரைந்து படங்கள் செய்கிறேன். மிக்ஸ்டு மீடியா என்கிறார்களே, அதுதான். இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே பாட்டில்கள்.

எனக்கு மையின் மேல் கவனம் வந்ததே தானே புயலுக்குப் பிறகுதான். 2011 டிசம்பர் 30 காலையில் அது கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுப் பின்கட்டின் ஓடு முழுக்கப் பறந்துவிட்டது. அங்கே இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. பெட்டியில் இரண்டு வகைத் தாள்கள் இருந்தன. ஒன்று, கடலூர் முதுநகரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதிய தாத்தாவின் பேரேடு. இன்னொன்று, அப்பா பம்பாயில் வேலை பார்த்த காலத்தில் அம்மா அவருக்கு எழுதிய கடிதங்கள். பேரேட்டைப் பிரித்தபோது தாள் உப்பியிருந்தது, ஓரம் கறைபட்டிருந்தது, ஆனால் தாத்தாவின் கறுப்பு எழுத்து ஒன்றுகூட நகரவில்லை. உள்ளட்டையில் ஒட்டியிருந்த, பளிங்கு வரி மாதிரி நிறம் ஓடும் மார்பிள் காகிதம்கூட அப்படியே இருந்தது. அம்மாவின் கடிதங்களில் எழுத்தே இல்லை. பேனாவில் போடும் நீல மை மொத்தமும் கரைந்து, பக்கத்துக்குப் பக்கம் நீலமாக ஒரு மேகம் மாதிரி பரவியிருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் வெயிலில் காயவைக்கப் போனார்.

ஒரே பெட்டி, ஒரே தண்ணீர். ஒரு மை நின்றது, ஒரு மை போனது. ஏன் என்று தேட ஆரம்பித்ததுதான் எல்லாம்.

பேனாவில் ஊற்றுகிற மை பெரும்பாலும் சாய மை. சாயம் தண்ணீரில் முழுசாகக் கரைந்திருக்கும், உப்புத் தண்ணீரில் உப்பு கரைந்திருப்பதைப் போல. காகிதத்தின் நாருக்குள் இறங்கி அங்கே தங்கும். மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்து கிளம்பிவிடும். இண்டியன் இங்க் அப்படியில்லை. அதில் இருப்பது கரி, அதாவது விளக்குப் புகைக்கரி போன்ற மிக நுண்ணிய பொடி. அது கரைவதில்லை, மிதக்கிறது. நீர் புகாத வகைகளில் அரக்கு போன்ற ஒரு பிணைப்பானும் சேர்ந்திருக்கும், அது காய்ந்ததும் கரியை இடத்தோடு பிடித்துக்கொள்ளும். கரி வெயிலுக்கும் வெளுக்காது. மூன்றாவதாக அக்ரிலிக் இங்க் என்று ஒன்று விற்கிறார்கள். பெயரில்தான் இங்க், குணத்தில் அது தண்ணீர் மாதிரி ஓடும் அக்ரிலிக் பெயின்ட். நுண்ணிதாக அரைத்த நிறமி, பிளாஸ்டிக் பால்மம், தண்ணீர். தண்ணீர் ஆவியானதும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் திரும்பிக் கரையாது. இதைத் தெரியாமல் பவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்தால் பேனா போச்சு. தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும்தான், அதையும் உடனே கழுவ வேண்டும்.

பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் நான் நம்புவது இரண்டு சோதனைகளைத்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு இழுத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் குறுக்கே தடவிப் பார்ப்பது ஒன்று. நிறம் பிரஷ்ஷோடு வந்தால் அது எழும் மை. அப்புறம் இன்னொரு துண்டில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவைப்பது. நான் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒட்டி ஆடி பிறந்ததும் எடுத்துப் பார்ப்பேன். இளஞ்சிவப்பும் ஊதாவும் சில சமயம் மூடாத பக்கத்தில் தடமே இல்லாமல் போயிருக்கும். அக்ரிலிக் குழாயில் நிறமியின் குறியீடு போட்டிருந்தால் அதைப் படித்துப் பழகுங்கள். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன் நீலம், எந்தக் கம்பெனி என்ன அலங்காரப் பெயர் வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது அதுதான். அழகெழுத்துக்கென்று விற்கும் சாய மைகளில் பலவற்றில் இந்தக் குறியீடே இருக்காது.

இந்த எழும் மையால் நான் பட்ட பாடு ஒன்று. அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்று ஒரு படம் செய்தேன். கீழே சிவப்பு மை கழுவிவிட்ட, அதாவது நீர்த்துப் பரவலாகப் பூசிய தளம், அதன் மேல் வெள்ளை அக்ரிலிக்கில் மல்லிகைச் சரம். மாலையில் வெள்ளை பளிச்சென்று இருந்தது, காலையில் பார்த்தால் பூ எல்லாம் ரோஸ் நிறம். மறுபடி வெள்ளை பூசினேன், மறுபடி ரோஸ். மூன்று தடவை. காரணம் எளிது: அக்ரிலிக்கில் தண்ணீர் இருக்கிறது, ஒவ்வொரு பூச்சும் கீழே இருக்கும் சாயத்தை நனைத்து மேலே இழுக்கிறது. வெள்ளை அடுக்க அடுக்க சாயமும் ஏறிக்கொண்டே வரும். சாயத் தளத்துக்கு மேல் வெள்ளை வேண்டும் என்றால் தண்ணீர் இல்லாத ஸ்ப்ரே வார்னிஷை மெல்லியதாகப் பல தடவை அடித்து, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு, அதன் பிறகே அக்ரிலிக்கைத் தொட வேண்டும். மொட்டை மாடியில் நின்று அடியுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். அல்லது சாயமே வேண்டாம், தளத்தை அக்ரிலிக் இங்க்கில் போட்டுவிடலாம். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

சரி, காகிதம்.

கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், இது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய வசதி. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959 முதல் அங்கே இருக்கிறது. பனியன் வெட்டுத் துணி மாதிரியான பருத்திக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளித் தாளாக்குகிறார்கள். மரக்கூழ்த் தாளைப் போலச் சில வருடங்களில் மஞ்சளாகி ஒடிகிற சமாசாரம் பருத்தியில் குறைவு, நாரும் நீளம், ஈரத்தில் கிழியாது. மார்பிள் செய்யும்போது சொட்டச் சொட்டத் தூக்கும் தாளுக்கு இந்தப் பலம் வேண்டும். மெஷின் தாளுக்கு ஓட்டம் உண்டு, நார் ஒரே திசையில் படுத்திருக்கும், பசை தடவினால் ஒரு பக்கமாகச் சுருளும். புத்தக அட்டைக்கு ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பைண்டிங் கடை அண்ணன் எனக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார். "ஏம்மா, தாளை வளைச்சுப் பாரு, லேசா வளையுற மடிப்பு எந்தத் திசையில போகுதோ அதுதான் ஓட்டம்." கைக்காகிதத்தில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆனால் கைக்காகிதத்தில் ஒன்று பார்த்து வாங்க வேண்டும், தாளுக்குக் கஞ்சி ஏற்றியிருக்கிறார்களா என்பது. ஏற்றாத தாள் உறிஞ்சுதாள் மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து மாதிரி நின்றால் கஞ்சி ஏறிய தாள், உடனே பரந்து இருண்டால் ஏறாதது. கஞ்சி ஏறாத தாளில் மையால் கோடு இழுத்தால் மயிர்க்கால் மயிர்க்காலாகக் கிளை பிரியும். அது வேண்டுமென்றே தேவைப்படும் இடங்களும் உண்டு. எழுத்து எழுத வேண்டும் என்றால் மட்டும் நீர்த்த அக்ரிலிக் மீடியத்தை, அதாவது நிறமி சேராத வெறும் அக்ரிலிக்கை, ஒரு கை பூசிக் காயவிட்டு எழுதுவேன்.

இனி நான் அதிகம் விரும்பும் வேலைக்கு வருகிறேன், பசைக் காகிதம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் புத்தக பைண்டர்கள் செய்துவந்தது, ஆனால் நம்மூர்ப் பெண்கள் யாரும் முதல் முயற்சியிலேயே செய்துவிடுவார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் இது கோலம் போடுகிற கைக்கு உரிய வேலை. மூன்று மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒன்றரை டம்ளர் கொதிநீரில் ஊற்றி, பளபளப்பு வரும்வரை கிளற வேண்டும். சுவரொட்டி ஒட்டும் பசையைவிடக் கொஞ்சம் தளர்வாக, இட்லி மாவுப் பதத்தில் இறக்கி, ஆறவிட்டு, சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள். இந்த வடிகட்டல் இல்லையென்றால் கட்டி ஒவ்வொன்றும் கோட்டில் தடம் போடும். நாலு பங்கு பசைக்கு ஒரு பங்கு அக்ரிலிக். தாளை ஸ்பாஞ்சால் ஈரப்படுத்தி மேசையில் வழித்து ஒட்டி, கலர்ப் பசையை அகலப் பிரஷ்ஷால் ஒரே கனத்தில் பூசி, ஈரம் காய்வதற்குள் இழுக்க வேண்டும்.

எதைக்கொண்டு இழுப்பது என்பதில்தான் இன்பம். பேன் சீப்பு மயிரிழைக் கோடு தரும். தென்னை ஈர்க்குச்சியில் ஐந்தாறைச் சேர்த்து நூலால் கட்டினால் அகலக் கோடு. தேங்காய் நாரை உருட்டித் தொட்டால் பவளப் பாறை மாதிரி ஒரு வடிவம் வரும். மார்கழியில் விற்கும் கோலக் குழலை மாவு போடாமல் வெறுமனே பசை மேல் உருட்டிப் பார்த்தேன், ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் குழல், வரிசையாகப் பூ விழுந்தது. அட்டையில் முக்கோணமாகப் பல் வெட்டிக்கொண்டு அலையலையாக இழுத்தால் வெள்ளிக் கடற்கரையில் தண்ணீர் பின்வாங்கிய மணல். வரைவதைவிட நீக்குவதுதான் இங்கே வேலை. விரல் போன இடத்தில் தாள் தெரிகிறது, விரல் தள்ளிய நிறம் இரு பக்கமும் கரையாகக் குவிந்து அடர்த்தியாக நிற்கிறது, காய்ந்த பிறகு அந்தக் கரைதான் துணி மாதிரி ஓர் ஆழம் தருகிறது. முதலில் ஒரு தாளை மஞ்சள் அக்ரிலிக் இங்க்கில் கழுவிக் காயவைத்து, அதன் மேல் நீலப் பசை பூசி இழுங்கள். கோட்டுக்குள் மஞ்சள் மின்னும். கீழே இருப்பது சாய மையாக இருந்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மைதா என்பதால் பூச்சி வரும், அதுவும் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில். பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம், தாளுக்கும் நல்லதல்ல. நான் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுகிறேன். பசையை மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதும் இல்லை.

மார்பிளிங் இதைவிட அடம் பிடிக்கும் வேலை. கெட்டியான திரவத்தின் மேல் நிறத்தைச் சொட்டு சொட்டாக மிதக்கவிட்டு, குச்சியால் கீறி, தாளை மேலே படுக்கவைத்துத் தூக்குவது. இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூரில் யானையையும் நோஞ்சான் குதிரையையும் மார்பிள் காகித வடிவங்களாகவே செய்து, சுற்றி மையால் கோடு போட்ட சித்திரங்கள் இருக்கின்றன. இன்றைக்கு நாம் மிக்ஸ்டு மீடியா என்று சொல்வதை தக்காணத்தில் அன்றைக்கே செய்திருக்கிறார்கள். துருக்கியின் மார்பிளிங் கலையான எப்ரூ 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தாத்தாவின் பேரேடு மாதிரிக் கணக்குப் புத்தகங்களில் தாளின் விளிம்பையே மார்பிள் செய்யும் வழக்கம் இருந்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல, நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் விளிம்பின் கோலம் தட்டிப்போய் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்ரிலிக்கில் மார்பிள் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். தண்ணீரைக் கெட்டியாக்கக் காரஜீனன், அதாவது கடற்பாசிப் பொடி. ராமநாதபுரம் கடலில் பெண்கள் மிதவை கட்டி வளர்க்கிறார்களே, அந்த வகைப் பாசியிலிருந்து எடுப்பது. லிட்டருக்கு 7 கிராம், மிக்சியில் அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள், குமிழி எல்லாம் அடங்கட்டும். தாளுக்குப் படிகாரம்: அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, ஆறவைத்து, ஸ்பாஞ்சால் தடவி, லேசாக ஈரம் இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். படிகாரம்தான் நிறத்தைத் தாளோடு பிடிக்கவைக்கிறது, அது இல்லாவிட்டால் அலசும்போது எல்லாம் கழன்றுவிடும். படிகாரம் தடவிய தாளை வாரக்கணக்கில் அடுக்கிவைக்காதீர்கள், அந்தப் புளிப்புத்தன்மை நாரைத் தின்றுவிடும். அக்ரிலிக்கை மோர்ப் பதத்துக்கு நீர்க்க வேண்டும். சொட்டு மூழ்கினால் இன்னும் நீர்க்க வேண்டும் என்று அர்த்தம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் எனக்கு ஒரு மாதம் வரவே இல்லை. நிறம் திரிந்த பால் மாதிரி துணுக்குத் துணுக்காக உடைந்தது. பெயின்டை மாற்றினேன், பாசியை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் தண்ணீர். எங்கள் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடினத் தண்ணீர், அந்தச் சுண்ணாம்பு பாசிக் கரைசலையே கெடுத்துவிடுகிறது. இப்போது ஐப்பசி மழையில் மாடியில் பிடித்துவைக்கும் தண்ணீரில்தான் கலக்குகிறேன், தீர்ந்தால் கேன் தண்ணீர். பாண்டிச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம் நிற்கிறதே, அது முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததற்காகக் கட்டியது. இந்தக் கடற்கரையில் நல்ல தண்ணீருக்கு ஒரு மண்டபமே கட்டியதில் எனக்கு இப்போது எந்த ஆச்சரியமும் இல்லை.

வெயிலும் நமக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஜெல்லித் தட்டில் அக்ரிலிக் உருட்டி, இலை வைத்து, தாளை அழுத்தி எடுக்கும் அச்சு முறை ஒன்று உண்டு. ஜெலட்டினில் தட்டு ஊற்றச் சொல்வார்கள். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே இளகும் பொருள், மே மாதம் மதியம் கடலூரில் அது தட்டாக இல்லை, குழம்பாக இருந்தது. மாற்று வழி ரம்ஜான் நோன்பு நேரத்தில் கிடைத்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருக்கும் அக்கா நோன்பு திறக்கும் நேரத்தில் கடல்பாசி இனிப்பு கொடுத்தனுப்புவார். ஃபிரிட்ஜில் வைக்காமலே கும்மென்று நிற்கிறதே என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்தக் கடல்பாசி, அதாவது அகர் அகர், உறைந்துவிட்டால் சுமார் 85 டிகிரி வரை இளகாது. அக்காவிடம் பக்குவம் கேட்டேன், "சீனி போடாம காய்ச்சணுமா, எதுக்கு?" என்று கேட்டுவிட்டு இரண்டு மடங்கு பாசி போடச் சொன்னார். ஜெலட்டினைப் போலத் துள்ளாது, அழுத்தினால் விண்டுவிடும், அதனால் எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி அதிலேயே வைத்து அச்செடுக்க வேண்டும். பூவரசு இலையும் முருங்கைக் கொழுந்தும் நரம்பு நரம்பாக விழுகின்றன. ஒரு தட்டு இரண்டு நாள் தாங்கும்.

அதே வெயில் எனக்கு ஒரு பெரிய நஷ்டமும் வைத்தது. இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், அக்ரிலிக் காகிதம் செய்கிற எல்லாரும் ஒரு நாள் இதில் மாட்டுவார்கள். பன்னிரண்டு நோட்டுகள், எல்லாம் பசைக் காகித அட்டை, ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்கச் சொல்லி வாங்கிய ஆர்டர். அட்டையோடு அட்டை சேர்த்து அடுக்கி, மேலே கனமான பலகை வைத்து மூன்று நாள் விட்டேன். பிரிக்கும்போது சர்ரென்று சத்தம். ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. அக்ரிலிக் காய்ந்தாலும் அது பிளாஸ்டிக், சூட்டில் இளகும். சூடும் அழுத்தமும் சேர்ந்தால் இரண்டு படலமும் ஒன்றாகிவிடும். கடற்கரைப் புழுக்கம் காய்வதை இன்னும் தாமதப்படுத்தும். தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பது வேறு, உள்ளே காய்வது வேறு. இப்போது இரண்டு வாரம் கொடியில் தொங்கவிட்ட பிறகே அட்டைக்கு எடுக்கிறேன், தேன்மெழுகை மெல்லத் தேய்த்துப் பருத்தித் துணியால் மெருகேற்றுகிறேன், அடுக்கும்போது நடுவில் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள் வைக்கிறேன். படங்களையும் கண்ணாடியோடு ஒட்டாமல் இடைவெளி விட்டே சட்டம் போடச் சொல்கிறேன்.

சின்னச் சின்ன வித்தைகள் நிறைய உண்டு. ஈர மை மேல் கல்லுப்பு போட்டால் உப்பு தண்ணீரை இழுத்து நட்சத்திரம் நட்சத்திரமாகத் தடம் விடும். ஈர அக்ரிலிக் இங்க்கில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் நிறம் விலகி வட்டமாகக் கண் திறக்கும். சாய மை காய்ந்த பின் பிளீச்சிங் திரவத்தைத் தொட்டுக் கோடு போட்டால் அந்த இடம் வெளுத்துவிடும், சில கறுப்பு மைகளில் பொன்னிறமாக மாறும். இண்டியன் இங்க் அசையாது, கரியைப் பிளீச் ஒன்றும் செய்யாது. அதற்கு நைலான் பிரஷ் மட்டும், மயிர்ப் பிரஷ்ஷைப் பிளீச் கரைத்துவிடும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். மெழுகுவத்தியால் கோடு போட்டு மேலே மை கழுவினால் கோடு வெள்ளையாக நிற்கும். சென்னைக்கு அருகே இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்து ஓவியர்கள் 1960-களில் பிழைப்புக்காகச் செய்து விற்ற பாத்திக் துணியும் இந்த மெழுகுக் கணக்குதான்.

பிரஷ் கழுவிய தண்ணீரை அப்படியே வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அது பிளாஸ்டிக். வாளியில் சேர்த்துவைத்து, மிஞ்சிய படிகாரத்தையும் கொஞ்சம் சுண்ணாம்பையும் போட்டுக் கலக்கினால் நிறமெல்லாம் திரண்டு அடியில் இறங்கும். துணியில் வடிகட்டி, கசட்டைக் காயவைத்துக் குப்பையில் போடுகிறேன்.

கடைசியாக, கொஞ்ச நாளாக என் மேசையில் இருக்கும் வேலை. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தவை. நம் பக்கத்தில் ஓலையில் மையால் எழுதவில்லை. எழுத்தாணியால் கீறினார்கள். கீறியது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு விளக்குக் கரியை மேலே தடவித் துடைத்தார்கள். ஓலையின் வழுவழுப்பான தோலில் கரி நிற்காது, கீறலுக்குள் மட்டும் தங்கும். அதே கரிதான் தாத்தாவின் எழுத்தை நகராமல் வைத்த வகையும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலே உட்காரும் பொருளையும் உள்ளே போகும் பொருளையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துவைத்திருக்கிறார்களே!

அக்ரிலிக் படலம் எனக்கு ஓலை. கைக்காகிதத்தை மெல்லிய பலகையில் ஒட்டி, மூன்று நாலு பூச்சு அக்ரிலிக், ஒரு வாரம் காய்ச்சல், அதன் மேல் கிளாஸ் மீடியம், அதாவது பளபளப்பாகக் காயும் நிறமில்லாத அக்ரிலிக், இரண்டு பூச்சு. கிளாஸ் பூச்சை விட்டுவிடாதீர்கள். மங்கலான அக்ரிலிக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், மை எல்லா இடத்திலும் கறையாகப் பிடித்துக்கொள்ளும். அது காய்ந்ததும் கூரான ஊசியால் கீறி, இண்டியன் இங்க்கைத் துணியில் தொட்டுத் தேய்த்து, அது காய்வதற்குள் ஈரத் துணியால் மேற்பரப்பைத் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு. கீறல் கீழே காகிதம்வரை போயிருந்தால் மை நாருக்குள் இறங்கி இன்னும் ஆழமாகிவிடுகிறது. ஓலையில் நடக்காத காரியம் அது.

அம்மாவின் நீலக் கடிதங்களில் ஒன்றை ஸ்ப்ரே அடித்துப் பத்திரப்படுத்தி, பலகையின் இடது பாதியில் ஒட்டியிருக்கிறேன், தண்ணீர் படாமல், யூ.வி. தடுக்கும் கண்ணாடிக்குச் சட்டமும் சொல்லியாயிற்று. வலது பாதி, பசைக் காகிதத்தின் மேல் கிளாஸ் போட்ட வெள்ளை. என்ன எழுதினாய் என்று அம்மாவிடம் கேட்டேன். "என்னத்த எழுதியிருப்பேன், எல்லாரும் சௌக்கியம்னுதான்" என்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார், கிணற்றடி மாமரம் அந்த வருடம்தான் முதல் தடவை பூத்ததாம், அதை எழுதினாராம், அதற்கு அப்பா பதில் போடவே இல்லையாம். இரண்டாவது வரியில் 'மாமரம்' வரை கீறியிருக்கிறேன். இன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம், மை தேய்ப்பது நாளைக்குத்தான்.